ஆம்னி என்ஜின் புகைகிறது: பிரித்து வேலை செய்வதா, புதுப்பேட்டையில் வேறு என்ஜின் வாங்கிப் போடுவதா?

தண்டையார்பேட்டை சாப்பாட்டுக்கடை:

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2006 மாடல் மாருதி ஆம்னி, ஐந்து சீட் வண்டி, பெட்ரோல், எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டர் இல்லாமல் இன்ஜெக்டர் வழியே பெட்ரோல் போகும் வகை). மீட்டரில் 1,78,000 கிலோமீட்டர். வீட்டிலேயே சமைத்து மதியச் சாப்பாடு கொடுக்கிறேன். காசிமேட்டில் இரண்டு ஐஸ் ஃபேக்டரி, திருவொற்றியூரில் ஒரு பட்டறை, மணலியில் ஒரு கிடங்கு. நாளைக்கு நூற்றுப் பத்து சாப்பாடு. பின்னால் அண்டா வைக்க இடம் இருக்கிறது என்றுதான் இந்த வண்டியை வாங்கினேன். ஓட்டுவதும் நான்தான்.

ஒரு வருடமாகக் காலையில் சாவி போட்டதும் கொஞ்சம் நீலப் புகை வரும், அப்புறம் நின்றுவிடும். இப்போது நிற்பதில்லை. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் நின்று நின்று நகரும்போது, ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் பின்னால் வரும் பைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். பத்து நாளைக்கு ஒரு லிட்டர் ஆயில் ஊற்றுகிறேன். நான் ஓடுவது நாளைக்கு நாற்பது கிலோமீட்டர்தான். 14 கொடுத்த மைலேஜ் 10-க்கு வந்துவிட்டது. பங்குனி மாதம் எர்ணாவூர் மேம்பாலத்தில் ஏறும்போது டெம்பரேச்சர் முள் சிவப்புக்குப் போய் வண்டி நின்றது. ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றி, ஆறவைத்து ஓட்டி வந்தேன்.

ஆம்னிக்கு என்ஜின் சீட்டுக்கு அடியில்தானே. ஆயில் கருகும் வாடை நேரே வண்டிக்குள் வருகிறது. போன வாரம் ஐஸ் ஃபேக்டரியில் ஒரு தம்பி, "அக்கா, சோத்துல புகை வாசம் அடிக்குது" என்றான். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பதினோரு வருடத்தில் என் சாப்பாட்டை ஒருவரும் குறை சொன்னதில்லை.

இரண்டு மெக்கானிக்குகளிடம் காட்டினேன். முதல் ஆள், என்ஜினை இறக்கி முழு வேலை செய்ய 38,000 ரூபாய், பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும் என்கிறார். காசு இல்லையென்றால் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் மட்டும் மாற்றி 12,000-ல் முடிக்கலாமாம். இரண்டாவது ஆள், பழைய வண்டிப் பாகம் விற்கும் புதுப்பேட்டையில், வேறு வண்டியில் ஓடின என்ஜின் 24,000-க்குக் கிடைக்கும், மாட்ட 5,000, இரண்டே நாளில் வண்டி கையில் என்கிறார். வண்டியை விற்றால் 75,000 வரும் என்று என் பையன் சொல்கிறான். அந்தக் காசில் இதைவிட நல்ல வண்டி எனக்குக் கிடைக்காது. புது வண்டிக்குத் தவணை கட்டவும் இப்போது முடியாது.

ஆடி வருகிறது. முகூர்த்தம் இல்லாத மாதம், கல்யாண ஆர்டர் இருக்காது, தினச் சாப்பாடு மட்டும்தான். வேலை செய்வதென்றால் அதற்குள் முடித்தாக வேண்டும். எதைச் செய்யலாம் என்று அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

*

வியாசர்பாடி டிராவல்ஸ்:

அக்கா, நான் இரண்டாவது வழியில் போய்ப் பட்டவன். என்னுடையதும் ஆம்னிதான், 2008. 2024-ல் ஓடின என்ஜின் வாங்கி மாட்டினேன். முதல் மாதம் தேன் மாதிரி ஓடியது. அப்புறம் வண்டி சூடானதும் ஐட்லிங்கில் ஆயில் லைட் கண் சிமிட்ட ஆரம்பித்தது. என்ஜினுக்கு அடியில் ஆயில் தங்கும் தொட்டியான சம்பைக் கழற்றிப் பார்த்தால் அடியில் மெல்லிய களிமண் படிந்திருந்தது, விரலால் வழித்து எடுக்கலாம் போல. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் தண்ணீருக்குள் நின்ற ஏதோ ஒரு வண்டியின் என்ஜின் என்று மெக்கானிக் சொன்னார். பேரிங் எல்லாம் கோடு விழுந்து கிடந்தது. விற்றவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. வெளியே கழுவிப் பளபளவென்று வைத்திருந்ததைப் பார்த்து, உள்ளே ஒன்றையும் பார்க்காமல் காசை எண்ணிக் கொடுத்தது நான்.

வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் கழற்றி அடுக்கி வைத்த என்ஜினை வாங்காதீர்கள். பேட்டரி கொடுத்து ஸ்டார்ட் செய்து காட்டச் சொல்லுங்கள். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து உள்ளே டார்ச் அடியுங்கள். போல்ட் துளைகளில் காய்ந்த சேறு இருக்கிறதா என்று குச்சி விட்டுப் பாருங்கள். என்ஜின் நம்பரைத் தேய்த்திருந்தால் விலை பேசவே வேண்டாம், திரும்பி வந்துவிடுங்கள். எந்த வண்டியிலிருந்து எடுத்தது என்பதற்கு அந்த வண்டியின் ஆர்சி நகலும் பில்லும் கையில் வர வேண்டும்.

இன்னொன்று. என்ஜின் மாறினால் நம்பர் மாறும். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, மாற்றிய 14 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவித்து ஆர்சியில் பதிய வேண்டும். உங்களுடையது டிஎன் 03 என்றால் தண்டையார்பேட்டை ஆபீஸ்தான். பதியாமல் ஓட்டினால் எஃப்சி (தகுதிச் சான்று) சமயத்தில் மாட்டும், விபத்து என்று வந்தால் இன்ஷூரன்ஸ்காரரும் அதைத்தான் முதலில் கேட்பார். என்ஜின் மாட்டியது இரண்டு நாள் வேலை. இந்தக் காகித வேலைக்கு நான் அலைந்தது ஒன்றரை மாதம்.

*

ராயபுரம் லேத்:

அம்மா, நான் முப்பத்தைந்து வருடமாக என்ஜின் ரீகண்டிஷனிங் லேத்தில் இருக்கிறேன். காசிமேட்டு விசைப்படகு என்ஜின் முதல் ஆம்னி வரை போர் போட்டிருக்கிறேன் (போர் என்றால் சிலிண்டரின் உள்துளை, போர் போடுவது என்றால் தேய்ந்த துளையைக் கடைந்து சரியாக்குவது). இரண்டு மெக்கானிக்கும் விலை சொன்னார்கள், சரி. யாராவது அளவு எடுத்தார்களா? கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம், எவ்வளவு என்று பார்க்காமல் இறக்கு, மாற்று என்று சொல்வது, காய்ச்சலா என்று தொட்டுப் பார்க்காமல் ஊசி போடுவது மாதிரி.

கம்ப்ரஷன் கேஜ் வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் போங்கள். அரை மணி நேர வேலை. என்ஜின் சூடாக இருக்க வேண்டும், பேட்டரி முழு சார்ஜ் இருக்க வேண்டும். மூன்று பிளக்கையும் கழற்றிவிட்டு, பெட்ரோலும் கரன்ட்டும் வராமல் இணைப்பை எடுத்துவிட்டு, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு செல்ஃப் அடிக்க வேண்டும். நல்ல ஆம்னி 12, 13 கிலோ அழுத்தம் காட்டும். சிலிண்டருக்குச் சிலிண்டர் ஒரு கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. குறைவாகக் காட்டும் சிலிண்டரில் பிளக் துளை வழியே ஒரு ஸ்பூன் என்ஜின் ஆயில் விட்டு மறுபடி அடித்துப் பாருங்கள். ரீடிங் ஏறினால் ரிங்கும் போரும் தேய்ந்திருக்கிறது. ஏறவில்லை என்றால் கசிவது மேலே: வால்வு, இல்லாவிட்டால் ஹெட் கேஸ்கெட் (என்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கும் சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் தகடு). ஹெட் வேலை மட்டும் என்றால் செலவு பாதிகூட ஆகாது.

புகையை நீங்களே சரியாகச் சொல்லியிருக்கிறீர்கள். காலையில் மட்டும் புகைந்து நின்றபோது அது வால்வு சீல் கசிவாக இருந்திருக்கலாம். இரவெல்லாம் சொட்டின ஆயில் காலையில் எரிந்துவிடும். இப்போது மிதிக்கும்போதும் வருகிறது என்றால் ரிங் தாண்டி ஆயில் மேலே ஏறுகிறது.

அந்த 12,000 ரூபாய் ரிங் வேலையை மட்டும் செய்யாதீர்கள், அம்மா. இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். பிஸ்டன் மேலே போய்த் திரும்பும் இடத்துக்குச் சற்றுக் கீழேதான் சிலிண்டர் அதிகம் தேயும். அதற்கு மேலே ரிங் தொடாத இடம் தேயாமல் ஒரு விளிம்பாக நிற்கும், நகத்தால் தடவினால் தட்டுப்படும். அந்தப் போரில் புது ரிங்கைப் போட்டால் கூர்மையான மேல் ரிங் அந்த விளிம்பில் இடித்து உடைகிறது. உடையாவிட்டாலும், முட்டை வடிவமாகிப்போன போரில் வட்டமான ரிங் எப்படி உட்காரும்? நான்காவது மாதம் மறுபடி புகையும். மாதம் இரண்டு என்ஜின் இப்படித்தான் என் மேஜைக்கு வருகிறது.

இப்போது ஒரு கேள்வி கேட்கிறேன், யோசித்துப் பதில் சொல்லுங்கள். ரேடியேட்டருக்கு என்ன தண்ணீர் ஊற்றுகிறீர்கள்? என்ஜின் சூடேறும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் மூடி வைக்கும் தெர்மோஸ்டாட் உள்ளே இருக்கிறதா, "நம்ம ஊர் வெயிலுக்கு வேண்டாம்" என்று யாராவது பிடுங்கிப் போட்டுவிட்டார்களா? ஏர் ஃபில்டர் எப்போது மாற்றினது? இதற்கெல்லாம் பதில் தெரியாமல் எந்த என்ஜினைப் போட்டாலும் அது இதே வழியில்தான் போகும்.

*

எண்ணூர் வெள்ளை ஆம்னி:

எதிர்ப்பக்கமும் ஒருவர் சொல்ல வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். நான் மாற்றுத்தான் போட்டேன், மூன்று வருடமாக நன்றாக ஓடுகிறது. ஆனால் என் கதை வேறு. கனெக்டிங் ராடு உடைந்து பிளாக்கைக் குத்திக்கொண்டு வெளியே வந்துவிட்டது. ஓட்டை விழுந்த பிளாக்கில் என்ன போர் போடுவது? என் உறவினரின் வண்டி பின்னால் லாரி மோதி நசுங்கிப்போனது, அதன் என்ஜினைத்தான் எடுத்தேன். அது எப்படி ஓடியது, எப்போது ஆயில் மாற்றினது எல்லாம் எனக்குத் தெரியும். அப்படித் தெரிந்த என்ஜின் கிடைத்தால் தாராளமாகப் போடுங்கள். ஆர்சியில் பதிவதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

*

தண்டையார்பேட்டை சாப்பாட்டுக்கடை:

ஐயா, நேற்று கம்ப்ரஷன் பார்த்தோம். முதல் சிலிண்டர் 11.5. இரண்டாவது 7.5. மூன்றாவது 8. ஆயில் விட்டுப் பார்த்ததில் இரண்டாவது 11, மூன்றாவது 10.5 வரை ஏறியது. முள் ஏறுவதை என் கண்ணாலேயே பார்த்தேன். ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஓட்டியதில் குமிழி ஏதும் வரவில்லை. ஆயில் கேஜிலும் மோர் மாதிரி வெள்ளை இல்லை.

நீங்கள் தண்ணீர் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் தெரு அடிபம்புத் தண்ணீரைத்தான் இத்தனை வருடமாக ஊற்றுகிறேன். அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது. குடம் நான்கு மாதத்தில் உள்ளே வெள்ளையாகப் படிந்துவிடும். சமையலுக்கு மெட்ரோ தண்ணீரும் கேனும்தான். சோற்றுக்கு ஆகாத தண்ணீரை என்ஜினுக்கு ஊற்றலாம் என்று எப்படி நினைத்தேன் என்று தெரியவில்லை. ஏர் ஃபில்டர் இரண்டு வருடம் இருக்கும்.

வண்டி இல்லாத நாளுக்கு ஒரு குட்டியானை பேசியிருக்கிறேன், அரை நாளைக்கு 900 ரூபாய். பத்து நாள் என்றால் 9,000. இதையும் சேர்த்தால் முழு வேலை 47,000. புதுப்பேட்டை என்ஜினுக்கு இரண்டு நாள் வாடகையோடு 30,800. வித்தியாசம் 16,200. இது எனக்குச் சின்னக் காசு இல்லை. அதனால்தான் மறுபடி கேட்கிறேன்.

*

ராயபுரம் லேத்:

நல்ல காரியம் செய்தீர்கள், அம்மா. குமிழியும் இல்லை, ஆயிலில் வெள்ளையும் இல்லை என்பதால் ஹெட் கேஸ்கெட் போகவில்லை. இரண்டிலும் மூன்றிலும் ரிங்கும் போரும். பிளாக் முழுசாக இருக்கிறது, என்ஜினில் தட்டல் சத்தமும் நீங்கள் சொல்லவில்லை. இந்த என்ஜினைத் தூக்கிப் போடுவது பாவம்.

அந்த 16,200 எதற்கு என்று சொல்கிறேன். புதுப்பேட்டையில் வாங்கும் என்ஜினும் லட்சம் கிலோமீட்டர் ஓடினதுதான். அதன் போர் அளவு உங்களுக்குத் தெரியாது, விற்பவருக்கும் தெரியாது. அங்கே நாணயமாக வியாபாரம் செய்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், நானே பாகம் வாங்குகிறேன். ஆனால் அவர்களால்கூட உள்ளே இருப்பதைச் சொல்ல முடியாது. உங்கள் என்ஜினைப் பிரித்தால் ஒவ்வொரு அளவும் காகிதத்தில் உங்கள் கையில் இருக்கும். என்ஜின் நம்பரும் மாறாது, ஆர்டிஓ அலைச்சல் கிடையாது.

நீங்கள் செய்ய வேண்டியது இது. பிரித்ததும் போர் கேஜ் வைத்து மேல், நடு, கீழ் மூன்று இடத்திலும், இரண்டு திசையிலும் அளக்கச் சொல்லுங்கள், பக்கத்திலேயே நில்லுங்கள். ஆம்னி போர் 68.5 மில்லி. மேலுக்கும் கீழுக்கும் 0.10-க்கு மேல் வித்தியாசம் வந்தால் போர் போட்டே ஆக வேண்டும். 0.25 ஓவர்சைஸ் பிஸ்டன் போதுமா, 0.50 வேண்டுமா என்பது அப்போதுதான் தெரியும், அதனால் பிஸ்டனை முன்கூட்டியே வாங்கி வைக்காதீர்கள். ஆனால் போர் போடும் முன் பிஸ்டன் லேத்துக்கு வந்துவிட வேண்டும். ஒவ்வொரு பிஸ்டனையும் மைக்ரோமீட்டரில் அளந்து அதற்கேற்ப அந்தந்தச் சிலிண்டரைக் கடைய வேண்டும். பிஸ்டனுக்கும் சுவருக்கும் இடைவெளி 0.02 முதல் 0.04 மில்லிதான் இருக்கலாம். தலைமுடியே அதைவிடத் தடிமன்.

கடைந்த பிறகு ஹோனிங், அதாவது சுவரைக் கல்லால் தேய்ப்பது. சிலிண்டர் சுவரில் குறுக்கும் நெடுக்குமாகப் பாய் பின்னல் மாதிரி மெல்லிய கோடுகள் தெரிய வேண்டும், அந்தக் கோட்டில்தான் ஆயில் தங்கும். அப்புறம்தான் எல்லோரும் கோட்டைவிடும் இடம்: கழுவுவது. பெட்ரோல் ஊற்றித் துடைத்தால் ஹோனிங் கல்லின் தூள் போகாது. சோப்பும் வெந்நீரும் போட்டு பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, வெள்ளைத் துணியில் துடைக்க வேண்டும். துணி கறுக்காமல் வெளியே வரும் வரை திரும்பத் திரும்ப. உடனே ஆயில் தடவ வேண்டும், இல்லையென்றால் நம் கடல் காற்றுக்கு ஒரு மணி நேரத்தில் துரு பிடிக்கும். அந்தத் துணியை நீங்களே வாங்கிப் பாருங்கள், வெட்கப்படாதீர்கள்.

பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்கை அளந்து பார்க்காமல் கிரைண்டிங் போடச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். நன்றாக இருந்தால் பாலிஷ் போட்டு ஸ்டாண்டர்ட் பேரிங்கே போடலாம். ஹெட்டின் மேல் நேர்கோல் வைத்து ஃபீலர் கேஜ் விட்டுப் பார்க்க வேண்டும். 0.05-க்கு மேல் வளைந்திருந்தால் ஃபேசிங், அதாவது கடைந்து மட்டமாக்குவது. ஒரு முறை சூடான வண்டி, கண்டிப்பாகப் பாருங்கள். டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், வால்வு சீல் மூன்றும் புதிது. பெட்ரோல் ரப்பர் குழாய்களையும் மாற்றிவிடுங்கள், இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால், 2006 ரப்பர் அதற்காகச் செய்ததில்லை.

ரேடியேட்டர் புதிது போடுங்கள். உள்ளே கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் மட்டும். காசு குறைக்க வேண்டுமென்றால் வேறெதிலாவது குறையுங்கள், இதில் வேண்டாம்.

*

தண்டையார்பேட்டை சாப்பாட்டுக்கடை:

ஆடி மூன்றாம் தேதி என்ஜினை இறக்கினோம். ஆம்னிக்கு என்ஜினை மேலே தூக்குவதில்லை, வண்டியை உயர்த்திவிட்டு அடிவழியாக இறக்குகிறார்கள். பக்கத்திலேயே நின்றேன்.

அளவு: இரண்டாவது சிலிண்டர் மேலே 68.66, கீழே 68.53. மூன்றாவது மேலே 68.64. விளிம்பை நகத்தால் தடவிப் பார்த்தேன் ஐயா, நீங்கள் சொன்ன மாதிரியே தட்டுப்பட்டது. 0.25 பிஸ்டன் போதும் என்றார்கள். கிராங்க் நன்றாக இருக்கிறது, பாலிஷ் மட்டும். ஹெட் 0.08 வளைந்திருந்தது, ஃபேசிங் போட்டாயிற்று. ரேடியேட்டரை அசைத்தால் உள்ளிருந்து வெள்ளைச் செதில் கொட்டியது, எங்கள் குடத்தில் படிவது மாதிரியே.

தெர்மோஸ்டாட் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. எப்போது எடுத்தார்கள், யார் எடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அது இல்லாவிட்டால் என்ன ஆகும், ஐயா? வண்டி சூடாகாமல் இருக்கத்தானே எடுப்பார்கள்?

*

ராயபுரம் லேத்:

எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். என்ஜினுக்குக் குளிர்ச்சியும் ஆகாது. தெர்மோஸ்டாட் இல்லையென்றால் காலையில் வண்டி சூடேற வெகு நேரம் ஆகும். அதுவரை பெட்ரோல் சரியாக ஆவியாகாமல் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவிவிடும். உங்களுக்கு ஐஸ் ஃபேக்டரி வீட்டிலிருந்து பத்து நிமிடம். தினமும் சூடேறும் முன்னே நிறுத்தி, மறுபடி எடுத்து, மறுபடி நிறுத்தி. அப்புறம் மணலிக்குப் போகும்போது அடைத்த ரேடியேட்டரால் கொதிப்பு. ஒரே நாளில் இரண்டு கொடுமையும் அந்த என்ஜினுக்கு.

புது தெர்மோஸ்டாட் வாங்கினால் மாட்டும் முன் வெந்நீரில் போட்டுத் திறக்கிறதா என்று பாருங்கள். திறக்கும் வெப்பம் அதன் மேலேயே பொறித்திருக்கும்.

ஓட விட்டதும் முதல் ஆயிரம் கிலோமீட்டருக்கு அண்டாவைப் பாதி பாதியாக ஏற்றுங்கள், முடியாவிட்டால் இரண்டு நடை போங்கள். 60-ஐத் தாண்ட வேண்டாம், ஒரே வேகத்திலும் ஓட்ட வேண்டாம், பெரிய கியரில் முக்கவும் விடாதீர்கள். 500-ல் ஆயிலும் ஃபில்டரும் மாற்றிவிடுங்கள். மணலிச் சாலைத் தூசிக்கு ஏர் ஃபில்டரை மாதம் ஒரு முறை திறந்து பாருங்கள்.

*

தண்டையார்பேட்டை சாப்பாட்டுக்கடை:

நேற்று லேத்திலிருந்து பிளாக் வந்தது. வெள்ளைத் துணி கேட்டேன். முதல் முறை சாம்பல் நிறத்தில் வந்தது. மறுபடி கழுவுங்கள் என்றேன், முகம் சுளிக்காமல் கழுவினார்கள். நான்காவது முறை துணி வெள்ளையாகவே வந்தது, அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் உள்ளே அந்தப் பாய் பின்னல் தெரிகிறது. புதன்கிழமை என்ஜின் ஏறும். இதுவரை செலவு 39,400, ரேடியேட்டரையும் சேர்த்து.

தெர்மோஸ்டாட்டை இன்று காலை சாப்பாடு ஏற்றி அனுப்பிய பிறகு பால் பாத்திரத்தில் வெந்நீர் வைத்து நூலில் கட்டித் தொங்கவிட்டேன். மேலே 82 என்று பொறித்திருந்தது. தண்ணீர் ஓரங்களில் சின்னச் சின்னக் குமிழி கட்டியபோதும் மூடியே இருந்தது. கொதி வருவதற்குக் கொஞ்சம் முன்னால் நடுவில் இருந்த தட்டு மெதுவாக, மிக மெதுவாக விலகியது. அடுப்பை அணைத்தேன். தண்ணீர் ஆற ஆற அது தானாகவே மூடிக்கொண்டது.